தரை நம்முடையது: மொசைக் டைல் வாங்கும் முன், பதிக்கும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வசூல் என்று பேசுவோம். இன்றைக்குத் தரையைப் பற்றிப் பேசப் போகிறோம். "தரையில பேச என்ன இருக்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கூட்டுவது தரையை. துடைப்பது தரையை. உட்கார்ந்து சாப்பிடுவது, காய் நறுக்குவது, பிள்ளையைத் தவழ விடுவது, ராத்திரி பாய் விரித்துப் படுப்பது எல்லாம் தரையில்தான். வீட்டில் நம்மைவிட அதிகமாகத் தரையோடு பழகுகிறவர் யாரும் கிடையாது. ஆனால் வீடு கட்டும்போது எந்தத் தரை போடலாம் என்று நம்மிடம் யார் கேட்கிறார்கள்? கடைக்காரர் சொல்வார், கொத்தனார் சொல்வார், வீட்டு ஆம்பளைங்க தலையாட்டிட்டு வருவாங்க. கடன் தவணை மட்டும் நம் பெயரில் இருக்கும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் கடன் என்றால் ஆடு, மாடு, விதை, மருத்துவச் செலவு. இன்று நிறையப் பேர் வீட்டு வேலைக்குக் கேட்கிறோம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். சுவரும் கூரையும் எழும்பும்போதே அந்தப் பணம் கரைந்துவிடும். தரைக்கு வரும்போது கை காலியாக இருக்கும். அப்போதுதான் குழுவில் கடன் கேட்கிறோம். அந்தக் கடைசிப் பணத்தைத் தவறான பொருளில் போட்டால் திரும்பப் போட இன்னொரு பணம் வராது. அதனால்தான் இந்தப் பேச்சு.

பீங்கான் ஊரில் மொசைக் பேச்சு ஏன்?

நாம் இருப்பது விருத்தாசலம். நெய்வேலிப் பக்கம் கிடைக்கும் களிமண்ணை வைத்து இங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. தொழிற்பேட்டை இருக்கிறது. பொம்மை, விளக்கு, மின்சாரத்துக்கான பியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று செய்கிறார்கள். பீங்கான் தொழிலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் அரசு பயிலகமும் இங்கே உண்டு. நம் உறுப்பினர்களில் பலர் பொம்மைக்கு வர்ணம் பூசியும், அச்சில் மண் அழுத்தியும் குடும்பம் நடத்துகிறவர்கள். ஆகவே சூளையில் வெந்த பொருள் எப்படி இருக்கும் என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடையில் "டைல்ஸ்" என்று ஒரே பெயரில் விற்பதில் இரண்டு வேறு வேறு சாதிப் பொருள் இருக்கிறது. பீங்கான் டைலும் விட்ரிஃபைட் டைலும் மண்ணை அழுத்தி, சூளையில் சுட்டு வருவது. மொசைக் டைலுக்கு நெருப்பே கிடையாது. அது சிமெண்ட்டும் கல் சில்லும் சேர்ந்து, தண்ணீரில் ஊறி இறுகுவது. ஒன்றுக்குச் சூளை சரியாக இருக்க வேண்டும், இன்னொன்றுக்குத் தண்ணி விடுவது சரியாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மொசைக் என்றால் என்ன?

வெளிநாட்டில் இதை டெர்ராசோ என்பார்கள். இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் மாளிகைகளுக்குப் பளிங்கு இழைத்த தொழிலாளிகள், மிச்சம் விழுந்த சில்லுகளை வீணாக்காமல் சாந்தில் பதித்து, தேய்த்து, தங்கள் வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டதிலிருந்து இது பரவியது என்பார்கள். பளபளப்புக்கு ஆட்டுப்பால் தடவினார்கள் என்றும் சொல்வதுண்டு. ஆக, ஏழைத் தொழிலாளி கழிவிலிருந்து கண்டுபிடித்த தரை இது. நம் நாட்டில் 1922-ல் மும்பையில் பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ் என்ற நிறுவனம் சுதேசி எண்ணத்தோடு சிமெண்ட் டைல் செய்ய ஆரம்பித்தது. நம் தமிழ்நாட்டில் 1960, 70, 80-களில் கட்டிய வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி எங்கே போனாலும் மொசைக் தரையைப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஆத்தங்குடி கல்லும் சுடாத சிமெண்ட் கல்தான். ஆனால் அதில் சில்லு கிடையாது. கண்ணாடி மேல் வர்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்வது. அதனால் அது வேறு வகை.

மொசைக் டைலை உடைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்கு தெரியும். மேல் அடுக்கு பளிங்குச் சில்லும் சிமெண்ட்டும், வேண்டிய நிறத்துக்கு வர்ணப்பொடியும் கலந்தது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் கனம் இருக்கும். கீழ் அடுக்கு சாதாரண சிமெண்ட்டும் மணலும் சின்ன ஜல்லியும். இரண்டையும் ஒரே அச்சில் போட்டு, இயந்திரத்தால் அழுத்தி எடுக்கிறார்கள். பிறகு குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். அவசரத்துக்கு அச்சிலிருந்து எடுத்து வெயிலில் காய வைத்து விற்கிற டைல்தான் பின்னால் பொடியாக உதிர்கிறது.

நல்ல டைலின் குணம் என்ன?

மொசைக் டைலுக்கு இந்தியத் தர அமைப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 1237. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். கடையில் அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்டாலே கடைக்காரர் பேசும் விதம் மாறும். அதில் சொல்லியிருப்பதை நம் பேச்சில் சொல்கிறோம்.

முதலாவது, அளவு. 20, 25, 30 சென்டிமீட்டர் சதுரங்களாக வரும். கனம் 20 முதல் 25 மில்லிமீட்டர்.

இரண்டாவது, பலம். டைலை ஊற வைத்து, இரண்டு பக்கம் தாங்கல் கொடுத்து, நடுவில் அழுத்திப் பார்ப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் தாங்க வேண்டும். ஏன் ஊற வைத்துப் பார்க்கிறார்கள்? சிமெண்ட் பொருள் ஈரத்தில்தான் பலவீனத்தைக் காட்டும்.

மூன்றாவது, தண்ணீர் குடிப்பது. தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. இதை நாமே வீட்டில் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஒரு டைலை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்துத் துணியால் துடைத்து மறுபடி நிறுங்கள். 30 சென்டிமீட்டர் டைல் ஒன்று ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும். ஊறிய பிறகு 4 கிலோ 950 கிராமைத் தாண்டினால் அந்த டைல் வேண்டாம். இது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது. ஆனால் மோசமான டைலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, தேய்மானம். டைல் துண்டை இயந்திரத்தில் வைத்து அராவிப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போடும் டைல் சராசரியாக மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தேயக் கூடாது. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு 2 மில்லிமீட்டர்தான் வரம்பு. கடை, அங்கன்வாடி, குழுக் கட்டடம் கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பீங்கானோடு ஒப்பிட்டால்

விட்ரிஃபைட் டைல் தண்ணீரைக் குடிப்பது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. புளி, எலுமிச்சை, மஞ்சள், எண்ணெய் எதுவும் அதில் ஏறாது. மொசைக்கில் ஏறும். பளிங்குச் சில்லு சுண்ணாம்பு இனம். அதன்மேல் புளிக்கரைசல் கிடந்தாலே பளபளப்பு போகும். கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் பொங்கி, சில்லு அரித்து, சொரசொரப்பாகிவிடும். அதனால் கழிவறைக்கு மொசைக் ஏற்றதில்லை, அங்கே சொரசொரப்பான பீங்கான் டைல்தான் நல்லது. சமையலறையில் மொசைக் போட்டால் சிந்தியதை உடனே துடைக்கும் பழக்கம் வேண்டும்.

மொசைக்குக்கு என்று ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அதன் நிறமும் சில்லும் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. இருபது வருஷம் கழித்து மங்கிப்போனால் மறுபடி பாலிஷ் போட்டால் புதுத்தரை. பீங்கான் டைலில் மேலே இருப்பது மெல்லிய கண்ணாடிப் பூச்சு. அது கீறிப்போனால் போனதுதான், மாற்றியாக வேண்டும்.

இதில் இன்னொரு சேதி. அம்மா வீடு, மாமியார் வீடு என்று பழைய மொசைக் தரை இருந்தால், "பழைய மாடல்" என்று உடைக்கச் சொல்வார்கள். உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, புது டைல், பதிக்கக் கூலி என்று நாலு செலவு. முதலில் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு ஒரு மூலையில் இரண்டு அடி தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வழுக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றிய எந்தத் தரையும், மொசைக்கோ விட்ரிஃபைடோ, தண்ணீர் பட்டால் வழுக்கும். வயசான அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று இங்கே பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம். படுக்கையில் வைத்துப் பார்ப்பவர் வேலைக்குப் போக முடியாதது இன்னொரு பக்கம். அதனால் வாசல், திண்ணை, குளியலறை, துணி துவைக்கும் இடம் இவற்றுக்குப் பளபளப்பு வேண்டாம். கடையில் டைல் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சுவர் டைல் விலை குறைவாக இருக்கிறதென்று அதைத் தரையில் பதிக்காதீர்கள். சுவர் டைல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், பலமும் குறைவு. அரிசி மூட்டை இறக்கினாலே விரிசல் விடும்.

எத்தனை வேண்டும்? கணக்கு

கடைக்குப் போகும் முன் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி. 30 சென்டிமீட்டர் டைலை "ஓரடி டைல்" என்பார்கள். ஆனால் அது ஓரடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 120 போதாது, 124 வேண்டும். வெட்டில், உடைப்பில் போவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 130. சுவர் ஓரம் ஸ்கர்ட்டிங் வேண்டுமென்றால் அது தனிக்கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அச்சு வரிசையில் வாங்குங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அதே நிறம் கிடைக்காது. நாலைந்து டைலைக் கட்டி வைத்துவிடுங்கள், பின்னால் எது உடைந்தாலும் உதவும்.

கீழே போடும் சாந்து சராசரி 30 மில்லிமீட்டர் கனம், ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல் என்று வைத்தால், இந்த அறைக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டை சிமெண்ட்டும் 13, 14 கன அடி மணலும் ஆகும். டைலுக்கு அடியில் ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு இன்னொரு மூட்டை. மொத்தம் மூன்று. யாராவது இந்த அறைக்கு ஆறு மூட்டை கேட்டால் "எதுக்கு?" என்று கேளுங்கள். ஒரு மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்றாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

130 டைல் கிட்டத்தட்ட 600 கிலோ. ஐந்து டைல் அடுக்கினால் தலையில் 22 கிலோ. சித்தாள் வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் இதைக் கவனத்தில் வையுங்கள். இறக்குகிற இடம் அறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பதிக்கும் முறை

நல்ல டைலும் மோசமாகப் பதித்தால் வீண். கொத்தனாருக்கு நாம் தொழில் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்து பக்கத்தில் நிற்கலாம்.

1. அடித்தளம். தரை கீழே இறங்குவதும் டைல் பிளப்பதும் பெரும்பாலும் அடியில் மண் சரியாக இறுகாததால்தான். மண்ணை ஒரே தடவையில் கொட்டி நிரப்பாமல், அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்ஸ் அடித்து இறுக்க வேண்டும். கரிசல் மண் உள்ள பக்கம் அந்த மண்ணையே உள்ளே நிரப்பக் கூடாது. அது ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கிராவல் அல்லது மணல் போடுங்கள். அதன்மேல் நாலு அங்குலம் கான்கிரீட்.

2. மட்டம். கான்கிரீட் மேல் இருக்கும் மண், சாந்துக் கட்டி எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, நனைக்க வேண்டும். டியூப் லெவலில் மட்டம் பார்த்துச் சுவரில் குறிக்க வேண்டும். கதவு திறந்தால் தரையில் இடிக்குமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். குளியலறை, திண்ணை மாதிரித் தண்ணீர் புழங்கும் இடத்தில் நாலைந்து அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

3. சாந்துப் படுகை. எந்த இடத்திலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். காய்ந்த கலவைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தினால் பிடிப்பு இருக்காது.

4. சிமெண்ட் பால். சாந்து மட்டப்படுத்தியபின் தேன் பதத்தில் சிமெண்ட் பால் ஊற்றி, அதன்மேல் கழுவிய டைலை வைத்து, மரச்சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நூல் பிடிக்க வேண்டும். டைலின் நாலு மூலையில் மட்டும் உருண்டை உருண்டையாகச் சாந்து வைத்து அமுக்குகிற பழக்கம் சில இடத்தில் உண்டு. அப்படிச் செய்தால் நடுவில் காற்று நிற்கும். பிறகு டைல் "டொக் டொக்" என்று பேசும்.

5. இடுக்கு. டைலுக்கும் டைலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சந்து இருக்க வேண்டும். மறுநாள் அந்தச் சந்தைச் சுத்தம் செய்து, டைல் நிறத்துக்கு ஏற்ற வர்ணம் கலந்த சிமெண்ட்டால் அடைக்க வேண்டும்.

6. தண்ணி விடுவது. ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும். இது பெரும்பாலும் நம் வேலையாகத்தான் வந்து சேரும். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தரையின் ஆயுள் அந்த ஏழு நாளில்தான் இருக்கிறது. சாக்கு விரித்து நனைத்தால் தண்ணீரும் மிச்சம். அந்த நாட்களில் சாமான் எதையும் ஏற்றாதீர்கள்.

7. பாலிஷ். ஏழு நாளுக்குப் பிறகுதான் இயந்திரம் வைக்க வேண்டும். முதலில் 60 நம்பர் சுற்றுள்ள சொரசொரப்பான கல். கழுவிப் பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டை தெரியும். அதை அதே நிறச் சிமெண்ட்டால் அடைத்து, சில நாள் ஈரமாக வைத்து, 120 நம்பர் பக்கம் உள்ள கல். மறுபடி அடைத்து, கடைசியாக 320-க்கு மேற்பட்ட மெல்லிய கல். அதன்பின் ஆக்சாலிக் ஆசிட் பொடி தூவித் தேய்ப்பார்கள். சதுர மீட்டருக்கு 33 கிராம் போதும், நம் அறைக்கு 370 கிராம். நடுவில் ஒரு கல்லை விட்டுவிட்டு, மேலே மெழுகு பூசிப் பளபளப்புக் காட்டினால் ஒரு மாசத்தில் மங்கிவிடும். மூன்று கல்லும் நடந்ததா என்று எண்ணுங்கள்.

விட்ரிஃபைட் டைல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தண்ணீர் குடிக்காத டைல். ஆகவே சிமெண்ட் பால் அதை நன்றாகப் பிடிக்காது. டைல் பசை என்று தனியாக மூட்டையில் வருகிறது, அதைப் போட்டுப் பதிப்பதே நல்லது. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன்

எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலிலும் நடுவிலும் மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பானையைத் தட்டுகிற மாதிரி வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் காலி. பானை வாங்கத் தெரிந்த நமக்கு இந்தச் சத்தம் தெரியாதா? அந்த டைலைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, மாற்றச் சொல்லுங்கள்.

கூலியை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள். சதுர அடிக்கு எவ்வளவு? அதில் சாந்துப் படுகை சேர்த்தியா? ஸ்கர்ட்டிங் தனியா? பாலிஷ் எத்தனை கல்? கரண்டும் தண்ணீரும் யாருடையது? பணத்தை நாலாகப் பிரித்துக் கொடுங்கள்: சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, பதித்து முடிந்ததும் ஒரு பங்கு, தட்டிப் பார்த்தபின் ஒரு பங்கு, பாலிஷ் முடிந்ததும் கடைசிப் பங்கு. நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்புத்தான்.

தூசியும் ஆசிடும்

இது வீட்டுக்காரிக்கு மட்டுமில்லை, வேலைக்குப் போகிற நமக்கும். டைல் வெட்டும்போதும் காய்ந்த தரையைத் தேய்க்கும்போதும் பறக்கும் தூசியில் மணல்தூள் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. ஆகவே வெட்டுவதும் தேய்ப்பதும் தண்ணீர் விட்டுத்தான் நடக்க வேண்டும். முந்தானையால் மூக்கைப் பொத்துவது போதாது, தூசி முகமூடி கேட்டு வாங்குங்கள். மண்ணோடும் பொடியோடும் வேலை செய்யும் பீங்கான் பட்டறைச் சகோதரிகளுக்கும் இதே அறிவுரைதான்.

ஆக்சாலிக் ஆசிட் வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி இருக்கும். விஷம். மிச்சத்தைச் சமையலறையில் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைக்காதீர்கள். குழந்தைகள் கையில் எட்டாதபடி வையுங்கள். பாலிஷ் இயந்திரம் ஈரத்தரையில் கரண்டில் ஓடுவது. ஒட்டுப்போட்ட வயர் என்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு 1994 முதல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கொத்தனார், சித்தாள், மொசைக் பாலிஷ் போடுபவர் எல்லோரும் பதியலாம். அட்டை வாங்காதவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பதிந்தவர்கள் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

தரையைக் காப்பது

தினமும் துடைக்க வெறும் தண்ணீர் போதும். வாரம் ஒரு நாள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். ஆசிட், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். வாசல்படியில் ஒரு சாக்கு மிதியடி போடுங்கள், காலில் ஒட்டிவரும் மணல்தான் தரைக்குப் பகை. எண்ணெய் சிந்தினால் உடனே கோலமாவோ சாம்பலோ தூவி உறிஞ்ச வைத்துப் பிறகு துடையுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மூன்று யோசனையை உங்கள் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். ஒன்று, ஒரே மாதத்தில் நாலைந்து வீட்டுக்குத் தரை போடுவதாக இருந்தால் சேர்ந்து வாங்குவோம். விலையும் குறையும், லாரி வாடகையும் பங்காகும். இரண்டு, தரைக்குக் கடன் கேட்பவர் அளவு, டைல் எண்ணிக்கை, சிமெண்ட், கூலி எல்லாம் எழுதிய ஒரு தாளை வைக்கட்டும். தடுப்பதற்காக இல்லை. நாலு பேர் பார்த்தால் தப்பு கண்ணில் படும். மூன்று, நம் ஊரில் உடைந்த பீங்கான் துண்டுக்குப் பஞ்சமில்லை. உடைந்த டைல், பீங்கான் துண்டுகளை மொட்டைமாடியில் சாந்தில் பதிப்பதைச் சைனா மொசைக் என்பார்கள். வெள்ளைத் துண்டாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே அறையில் சூடு குறையும், ஒழுகலும் குறையும். துண்டு பொறுக்கிப் பதிப்பது பொறுமையும் கை நிதானமும் வேண்டிய வேலை. பொம்மைக்குக் கண் எழுதுகிற கைக்கு இது வராதா? கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்தால், சொல்லிக்கொடுக்கக் கூடிய கொத்தனாரையும் பயிலகத்தையும் சேர்ந்து போய்க் கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீடு கட்டுகிறவர்கள் கடையில் பார்த்த டைலில் ஒரு துண்டு கொண்டுவாருங்கள். தராசும் ஒரு வாளித் தண்ணீரும் இங்கே தயாராக இருக்கும். எல்லோரும் சேர்ந்து நிறுத்துப் பார்ப்போம். கடன் நம் பெயரில் என்றால், டைலைத் தேர்ந்தெடுப்பதும் நம் கையில்தான் இருக்க வேண்டும்.